உதடு அசைந்தால் போதும்

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள். சின்னவர் சொன்னதைக் கேட்டு நான் போனை உள்ளே வைத்தேன்.

“ஏழாங்கிளாஸ் பசங்ககிட்ட இந்த வருஷம் சத்தமில்லாம பேசக் கத்துகினேங்க்கா.”

“அது எப்டி?”

“பாதிப் பசங்க வூட்ல பவர்லூம் ஓடுது. அந்தச் சத்தத்துல எவ்ளோ கத்தினாலும் கேக்காது. உதட்டப் பாத்தே பேசிக்கிறாங்க. பரீட்சைல ஒரு சத்தம் வராது. திருத்தினா எல்லாப் பேப்பர்லயும் ஒரே தப்பு!”

பெரியவர் சிரித்தார்.

“அவங்கள புடிக்கணும்னுதான் நானும் கத்துகினேன். பெரிய பேஜாரு.”

“உன்னத் தெள்ளாரு ஸ்கூலுக்கு மாத்திட்டாங்களே, பசங்களுக்குத் தெரியுமா?”

“எச்.எம். கிளாஸுக்கே வந்து சொன்னாரு. ‘மிஸ்ஸே கேட்டு ட்ரான்ஸ்பர் வாங்கிகினு போறாங்க’ன்னுட்டாரு. முன்பெஞ்சுப் பொண்ணு உதட்ட மட்டும் அசைச்சா, ‘நெஜமா மிஸ்?’னு.”

“நீ என்ன சொன்ன?”

“அவரு பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. நானும் உதட்ட மட்டும் அசைச்சேன், ‘இல்ல’ன்னு. மொத்த கிளாஸும் புரிஞ்சுதுன்னு தலையாட்டிச்சு.”

“அவரு?”

“‘பாத்தீங்களா, பசங்களே ஒத்துகினாங்க’ன்னாரு.”