பாசிப்பச்சைன்னா செத்த மரம்

பிரசாந்தினி: எல்கடுவவுல எங்க தோட்டத்து லய வீடுகளுக்கு மேல ட்ரோன் பறக்கணும் சேர். இன்னிக்கே.

ஞானசுந்தரம்: இதை மட்டும் கேக்கக்கூடாது எண்டு உமக்கு எத்தினை தரம் சொன்னனான்?

பிரசாந்தினி: வேலைக்கு வந்த அன்னிக்கே சொன்னீங்க.

ஞானசுந்தரம்: பிறகென்ன? கொழும்பிலயிருந்து டிரெக்டர் மெடமும் ஆக்களும் வரினம். வேன் எங்க நிக்குதாம்?

பிரசாந்தினி: மாத்தளையில சாப்பிட்டுட்டுக் கெளம்பிட்டாங்க. வழி கேட்டாங்க, நான்தான் சொன்னேன்.

ஞானசுந்தரம்: நல்லது. இண்டைக்கு ஒரு வேலையாவது ஒழுங்காச் செய்தீர். ஸியாம், ட்ரோன் ரெடியோ?

ஸியாம்: ரெடியா ஈக்கி சேர். ரோட்டோரத்து பைனஸ் காட்டுக்கு மேல மூணு சுத்து. அதுக்கு அங்கால பறக்கச் சொன்னாலும் பறக்காது, பழகிப் போச்சு.

பிரசாந்தினி: அந்த மரங்களுக்கு மட்டும் உரம் போட்டு, செவந்த கெளையெல்லாம் வெட்டி...

ஸியாம்: நேத்து தண்ணியும் அடிச்சம் தங்கச்சி. கலியாணப் பொண்ணு மாதிரி நிக்கிது.

ஞானசுந்தரம்: கலியாணக் கதை இப்ப ஏன்?

ஸியாம்: சும்மா... ஒரு பேச்சுக்கு சேர்.

பிரசாந்தினி: காட்டுல பூச்சி, நோய் எங்க இருக்குன்னு பாக்கத்தான் ட்ரோன் வாங்கினாங்க. வண்டு ரோட்டோரத்துல குடியில்ல சேர். கொழுந்து கிள்ளப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற எங்க பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால இருக்கு. பட்டையெல்லாம் ஓட்ட போட்டு, மரம் செவந்து நின்னபடியே செத்துப் போச்சு. போன மழைக்கு ஒண்ணு விழுந்துச்சு. ஞாயித்துக்கெழம, காம்பராவுல புள்ளைங்க இல்ல. அடுத்ததும் ஞாயித்துக்கெழம பாத்துத்தான் விழும்னு எழுதித் தருவீங்களா?

ஞானசுந்தரம்: தோட்டத்துக்காரரை வெட்டச் சொல்லுமன்.

பிரசாந்தினி: அரசாங்கக் காடு. கைய வச்சா கேஸ். நோய்னு நம்ம வன இலாகா ஒபிஸ் ரிப்போர்ட் குடுத்தாத்தான் வெட்ட விடுவாங்க. நம்ம ரிப்போர்ட் மேப்புல என்ன நிறம் இருக்கு?

ஞானசுந்தரம்: முழுக்கப் பச்சை.

ஸியாம்: அஞ்சு பச்ச. இளம்பச்ச, கிளிப்பச்ச, இலப்பச்ச...

பிரசாந்தினி: கடைசிப் பச்சை என்னா ஸியாம் நானா?

ஸியாம்: பாசிப்பச்ச.

பிரசாந்தினி: அப்படின்னா?

ஸியாம்: செத்த மரம்.

ஞானசுந்தரம்: ஸியாம்.

ஸியாம்: நீங்கதானே சேர் சென்னீங்க, செவப்பக் கண்டா மேல ஈக்கிறவங்களுக்குப் பிரஷர் ஏறும்னு.

ஞானசுந்தரம்: ஒரு நிறத்துக்காகச் சண்டை பிடிக்கிறீர் பிள்ளை. போன வருசம் நோயை ஒழிச்சிட்டம் எண்டு விருது வாங்கினனாங்கள். ஒழிச்ச நோய் எப்பிடித் திரும்பி வரும்? வந்தாலும்... அது எங்கட நோய் இல்லை.

பிரசாந்தினி: வண்டுக்கு அத யாரு சொல்றது?

ஞானசுந்தரம்: ஆர் அது ஃபோனில? கதைக்கேக்க ஃபோன் பாக்கிறீர்.

பிரசாந்தினி: அம்மா. வீட்டுக்கு ஆளு வந்திருக்காங்களாம். டீக்கு சீனி பத்தலையாம்.

ஞானசுந்தரம்: இப்ப இதுவோ முக்கியம்?

பிரசாந்தினி: பக்கத்துக் காம்பராவுல வாங்கிக்கச் சொல்லிட்டேன். சேர், போன மாசம் ட்ரோன் ரிப்பேர்னு சொன்னீங்களே, அதுக்கு என்னா வருத்தம்?

ஞானசுந்தரம்: பற்றரி.

ஸியாம்: எறக்க.

ஞானசுந்தரம்: ...ரெண்டும்தான்.

பிரசாந்தினி: எங்க குடுத்தீங்க?

ஸியாம்: கண்டில.

ஞானசுந்தரம்: கொழும்பில.

பிரசாந்தினி: ரெண்டு ஊருக்கும் பறந்தே போயிருக்கும்.

ஞானசுந்தரம்: இஞ்ச பாரும். உங்கட லயத்தில முதல் பட்டதாரி நீர். நேர்முகத்தில உம்மை எடுத்தது நான். நன்றி எண்டு ஒண்டு இருக்கு. உம்மட அம்மா கொழுந்து கிள்ளிப் படிப்பிச்சது...

பிரசாந்தினி: நான் செத்த மரத்துக்குப் பச்சைன்னு பேர் வைக்கிறதுக்கு இல்ல. தோட்டத்துப் புள்ள, சொன்னதுக்குத் தலையாட்டும்னு எடுத்தீங்க. ஒபிஸ் போட்டோவுல நாங்களும் ஒரு ஓரமா நின்னா நல்லா இருக்கும்னு எடுத்தீங்க.

ஸியாம்: போட்டோ நல்லாத்தான் வந்திச்சு...

ஞானசுந்தரம்: நீர் வாயை மூடும். பிரசாந்தினி, இண்டைக்கு மட்டும் திரைக்கு முன்னால நிண்டு அந்தப் பச்சையை வடிவா விளங்கப்படுத்தும். அடுத்த மாசம் உம்மை நிரந்தரமாக்கிறன். எழுதித் தாறன்.

பிரசாந்தினி: அடுத்த மாசம் மழை சேர்.

ஞானசுந்தரம்: வேனை இன்னும் காணேல்லை. ஸியாம், டிரைவருக்கு ஃபோன் அடியும்.

ஸியாம்: அடிச்சிட்டேதான் ஈக்கேன். எடுக்கிறானில்ல.

ஞானசுந்தரம்: மாத்தளையிலயிருந்து இரத்தோட்டைக்கு இவ்வளவு நேரமோ...

பிரசாந்தினி: சேர், உங்க மகள் கலியாணத்துக்கு முந்தி எடுத்த வீடியோவப் பாத்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் கையப் புடிச்சிக்கிட்டு நடந்து வாறாங்க. மேலருந்து எடுத்திருக்கு.

ஞானசுந்தரம்: ...எல்லாரும் எடுக்கினம்.

பிரசாந்தினி: முடிவுல ஸியாம் நானா பேர் வருது.

ஞானசுந்தரம்: பேர் போட்டனீரோ?

ஸியாம்: அவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தது சேர்... ஆசையில போட்டுட்டேன்.

பிரசாந்தினி: பின்னால மல முழுக்கச் செவப்பு. இது எந்த நாடு, எந்த நாடுன்னு கீழ கமெண்ட்டுல கேட்டிருக்காங்க.

ஸியாம்: அதுக்கு நான் கனடான்னு...

பிரசாந்தினி: பாத்தேன். கனடாவுல எங்க பிள்ளைக்காம்பராத் தகரம் எப்படி வந்துச்சு? எங்க காட்டுக்கு மேல பறக்கவே பறக்காதுன்னு சொன்ன ட்ரோன், பொண்ணுக்குப் பின்னால செத்த மரத்த ஒண்ணு விடாம எடுத்திருக்கு. பாட்டும் போட்டு.

ஞானசுந்தரம்: கதவைச் சாத்தும் பிள்ளை. மெல்லமாக் கதைப்பம். ஸியாம், அந்த வீடியோவை இப்பவே அழியும்.

ஸியாம்: மகள் கோவிப்பா சேர்.

ஞானசுந்தரம்: அழியும் எண்டு சொல்லுறன். மெடம் வந்து இறங்கிறதுக்கு முதல்... பையைத் தூக்கிக்கொண்டு எங்க போறீர்? இரும். வாற ஆக்களுக்கு ஆர் விளங்கப்படுத்திறது?

பிரசாந்தினி: அவங்க வந்துட்டாங்க சேர். அந்த வீடியோவ மெடத்துக்கு நேத்தே அனுப்பிட்டேன். அவங்களும் எந்த நாடுன்னுதான் கேட்டாங்க. எல்கடுவன்னு லொகேஷன் போட்டு, வேனையும் அங்கேயே போகச் சொன்னேன். எங்க அம்மா இப்ப அந்த மரத்துக்குக் கீழதான் அவங்களுக்குக் கதிரை போட்டு டீ குடுத்துக்கிட்டு இருக்காங்க. நான் பஸ்ஸப் புடிக்கணும். பச்சையெல்லாம் மேசையில இருக்கு, ஒபிஸ் சாவியும் பக்கத்துல.