ஏழுன்னா ஏழுதான்

தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க பிரின்ஸிபால் சார். உங்களுக்குத் தெரியும். ஜனவரி மாசம் இதே மேசைக்கு முன்னால நின்னு என் மக கங்கா சொல்லியிருக்கா, சார், உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணுதுன்னு. நீங்க என்ன சொன்னீங்க? பரீட்சை வந்தா எல்லாப் பொம்பளப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான், போயி சூடா ஒரு சாயா குடிச்சிட்டுப் படின்னு. சாயா. பிப்ரவரியில என் பிள்ள ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா.

மெதுவாப் பேசணுமா? இதுதான் சார் என் மெதுவு. மிளகுப் பண்டகசாலையில மூட்டை சுமந்து, அப்புறம் தரகு பேசி, முப்பது வருஷமாக் கத்துன தொண்ட. மட்டாஞ்சேரியில தரகு பிச்சைன்னா மூணு தெருவுக்குத் தெரியும். பியூன எதுக்கு விளிக்கீங்க? அவன் பள்ளுருத்தியில என் பக்கத்து வீடு. வரமாட்டான்.

உக்கார வேண்டாம். நின்னே பேசுதேன்.

நேத்து இந்தக் காயிதம் வந்துச்சு. எனக்கு இங்கிலீஷ் ஓடாது. கொச்சங்காடி சாயாக்கடைச் சேட்டன்தான் வாசிச்சாரு, கடையில இருந்த அத்தன பேரும் கேட்டாச்சு. உங்க மகளத் திரும்பக் காலேஜ்ல சேத்துக்க மாட்டோம், டி.சி. வாங்கிட்டுப் போங்க, மத்த பிள்ளைகளும் கெட்டுப்போகும்னு எழுதியிருக்கு. என்ன சார் கெட்டுப்போகும்? அவ களவாண்டாளா?

ஆமா, போலீஸ் கேஸ்தான். யாரு இல்லன்னா? கண்ணு முழிச்ச பிள்ள முன்னால முதல்ல வந்து நின்னது காக்கிச் சட்ட. சாகப் பாத்தது குத்தமாம். அவனாவது வந்தான். நீங்க வந்தீங்களா? இங்கேருந்து ஒரு டீச்சர், ஒரு பிள்ள, ஒரு கடுதாசி?

எறணாகுளத்து டாக்டரு மனுஷன். வாரம் ஒருக்க காயல்ல போட் ஏறிப் போயிப் பாக்கோம். மருந்து தாராரு. அவருதான் சொன்னாரு, பிச்ச, மூடி வைக்காதீங்க, சாகணும்னு நினைப்பு வருதான்னு தினமும் நேராக் கேளுங்க. கேட்டு நினைப்பு வந்துராது. கேக்காம விட்டாத்தான் பிள்ள அதோட தனியாக் கிடப்பான்னு. சரின்னு நானும் கேட்டேன். என் தொண்டையில கேட்டா யாரு பதில் சொல்லுவா? சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

அப்பத்தான் தோள்ல கிடந்த தோர்த்துத் துண்ட எடுத்தேன். நீங்க பாலக்காட்டுக்காரரு, பாத்திருக்க மாட்டீங்க. எங்க தொழில்ல வெல வாயால சொல்லுறது கிடையாது. வாங்குறவன் கையும் விக்கிறவன் கையும் தோர்த்துக்கு அடியில. ஒரு விரலப் பிடிச்சா ஒண்ணு, முழுக் கையப் பிடிச்சா அஞ்சு. சுத்தி நிக்கவனுக்கு மூஞ்சி தெரியும், வெல தெரியாது. அதே தோர்த்துதான். விடிஞ்சதும் கட்டில்ல போயி உக்காந்து, அவ கை மேலயும் என் கை மேலயும் போட்டுட்டு, எவ்வளவும்மான்னு கேப்பேன். அந்த நினைப்பு ஒண்ணும் இல்லன்னா விரலப் பிடிக்காமச் சும்மா கிடப்பா. மோசம்னா பத்து வரைக்கும் போலாம். அஞ்சுக்கு மேல போனா நானோ அவ அம்மா சந்தனமாரியோ கூடவே இருப்போம். எட்டுன்னா அன்னிக்கே டாக்டருகிட்டப் போக போட் ஏறிருவோம். முதல் நாள் ஒம்பது பிடிச்சா சார். டாக்டருகிட்டப் போயிச் சேர வரைக்கும் அந்தக் கைய நான் விடவே இல்ல.

இன்னிக்கா? முழுக் கை ஒருக்க, அப்புறம் ரெண்டு விரல். ஏழு. நேத்து வரைக்கும் நாலு, மூணுன்னு இறங்கி வந்துக்கிட்டிருந்தது. உங்க காயிதம் ஏத்துன ஏழு இது. ஏழுன்னா ஏழுதான், நான் ஒத்த விரல் குறைக்கல.

என்ன கேக்கீங்க? தகப்பனுக்கு முன்னமே தெரியலையான்னா?

தெரியும் சார்.

உங்ககிட்ட வாரதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம எங்கிட்டதான் முதல்ல சொன்னா. கப்பையும் மத்திக் கறியும் தின்னுக்கிட்டு இருந்தேன். அப்பா, இனி முடியாதுன்னா. என் புத்தி எப்படி? எவன் என்ன வெல சொன்னாலும் பாதியில பிடிப்பேன். அவ சொன்னதையும் அப்படித்தான் எடுத்தேன், பிள்ள கூட்டிச் சொல்லுதா, இறங்குவான்னு. பரீட்ச வரைக்கும் தள்ளு, முடிஞ்சதும் வாட்சு வாங்கித் தாரேன்னேன். தலைய ஆட்டுனா. எங்க தொழில்ல தலைய ஆட்டுனா பேரம் படிஞ்சு கச்சவடம் முடிஞ்சுது. நான் மிச்சக் கறியத் தின்னு முடிச்சேன்.

அதனால உங்கள மட்டும் சொல்ல வரல. ரெண்டு பேருகிட்ட வந்தா, ரெண்டு பேரும் இறக்கிப் பேசுனோம். நான் தினமும் விடிஞ்சதும் கட்டில்ல உக்காந்து என் பங்கச் சரி பண்ணுதேன். உங்க பங்கு பாக்கி இருக்கு.

வராண்டாவுல நிக்கா, அவ அம்மா கூட. அந்த நீலப் பாவாடதான். புத்தகமெல்லாம் கொண்டாந்திருக்கா. இந்தக் காயிதத்த அவ முன்னால கிழிங்க. அன்னிக்கு நீ சொன்னத நான் கேக்கலம்மான்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் நீங்களே கிளாசுக்குக் கூட்டிட்டுப் போயி, நாளையிலேருந்து ஹாஜர்ல அவ பேர விளிக்கணும்.

யோசிச்சுச் சொல்லுதேன், அடுத்த வாரம் பாப்போம், அதெல்லாம் வேண்டாம் சார். இதுல பேரம் கிடையாது. எந்திரிங்க.