டீக்கடைக்காரர் போட்ட மார்க்

கம்பத்திலிருந்து உத்தமபாளையம் போகும் பஸ்ஸில், மடியில் ஏலக்காய்ப் பொட்டலம் வைத்திருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னதைக் கேட்டு என் தூக்கம் கலைந்தது.

"எம்மகளுக்கு டீக்கடைக்காரருதான்க்கா மார்க் போட்டாரு."

"என்னடி சொல்ற?"

"கேரளா ஏலக்காய்த் தோட்டத்துல இருந்தப்ப மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளைல்ல. இங்கன கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல நாலாவது சேத்ததும், பரிச்சை முழுக்க மலையாளத்துலயே எழுதிட்டா."

"பெயிலாக்கிட்டாகளா?"

"இல்லக்கா. அவ டீச்சர் அந்தப் பேப்பரை மலையாளத்துக்காரரு டீக்கடைக்குக் கொண்டுபோயி, தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேட்டு, சரியான பதிலுக்கெல்லாம் மார்க் போட்டாக. பெறகு சாயங்காலம் உக்கார வச்சுத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தாக. இப்ப வகுப்புலயே அவதான் மொத மார்க்."

"அப்ப இந்த ஏலக்காய் டீச்சருக்கா?"

"அவுக எதுவும் வாங்க மாட்டாக. கடைக்காரருக்குத்தான்," என்று சிரித்தாள். "டீச்சர் அங்கனதான் டீ குடிக்கிறாக."