நல்ல நேரம் எட்டேகால்

மூன்றாவது குண்டு. புதன்கிழமை. காலை எட்டு மணி பதினெட்டு நிமிடம். முதலில் விசில் மாதிரி ஒரு இழுப்பு. பிறகு மண் குதிக்கிறது. குழாய்ப் பள்ளத்தில் குப்புறக் கிடக்கிறேன். எங்கள் ஓட்டுநர் இப்ராகிம் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். மாணிக்கண்ணன் மேலே நிற்கிறார். தண்ணீருக்கு வந்த பெண்களைப் பள்ளத்துக்குள் தள்ளுகிறார்.

"தலையத் தூக்காத கண்ணு! படுத்துக்க!"

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மாணிக்கண்ணன் மேட்டுப்பாளையத்துக்காரர். மோட்டார் ஃபிட்டர். நான் சென்னிமலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். போர் நடக்கும் நாட்டில் அகதி முகாமுக்குப் போர்வெல் போட, கோவை அறக்கட்டளை ஒன்று எங்களை அனுப்பியது. விதி இரண்டு. காலை ஏழு மணிக்குள் வேலையை முடித்துக் கிளம்பு. இடத்தையும் நேரத்தையும் வெளியே சொல்லாதே. அதற்கு எங்களிடம் கையெழுத்து வாங்கியவரே அறக்கட்டளைத் தலைவர்தான்.

அதே தலைவர் காலண்டரைப் பார்த்தார். மோட்டார் ஓட்ட நல்ல நேரம் கோவையில் பத்தே முக்கால். அங்கே எட்டேகால். தண்ணீருக்குக் கூட்டம் நெரிகிற நேரம். அழைப்பிதழ் அடித்தார். முகாமின் பெயர், மணி, வரைபடம், மேலே முருகன் படம். வாட்ஸ்அப்பில் ஊருக்கே அனுப்பினார். பார்க்கக் கூடாதவனும் பார்த்தான்.

விடியலிலேயே ஓட்டிவிடுகிறோம் என்று மாணிக்கண்ணன் போனில் கெஞ்சினார். படித்த பையனைக் கேட்போம் என்று தலைவர் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, நம்மூர்ல நேரம் பாக்காம யாராச்சும் மோட்டார் போடுவாங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

பெரியவர் பேச்சை மறுத்துப் பழகாத வாய். அந்த வாயின் மேல் எனக்கு இன்றும் மரியாதையில்லை.

எட்டேகாலுக்கும் சுவிட்சைத் தட்ட விடவில்லை. வீடியோவில் பார்க்கக் கோவையில் கூடிய விருந்தினர் இன்னும் உட்காரவில்லையாம். முதல் குண்டு விழுந்தது. என் போன் மண்ணில் கிடக்கிறது. அதன் திரையில் பட்டு வேட்டியோடு தலைவர்.

"படம் ஆடுதுங்க தம்பி. போனை நேராப் புடிங்க."

நான்காவது குண்டு. ஹாரன் நின்றது.

கோவை காந்திபுரத்தில் தலைவர் அஞ்சலிக் கூட்டம் நடத்தினார். எதிர்பாராத தாக்குதல் என்றார். ஃப்ளெக்ஸில் மாணிக்கண்ணன் படத்தைவிட அவர் படம் பெரிது.

நான் எண்ணியதை எழுதுகிறேன். மாணிக்கம், நாற்பத்தாறு வயது. இப்ராகிம், ஸ்டியரிங்கிலேயே. பெண்கள் ஆறு பேர். நால்வரின் பெயர் தெரியும். இருவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தை. என் இடது காது. ஒரு மோட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.