சீனாக்காரி உரசிய தீக்குச்சி

கோவில்பட்டி டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"அந்தச் சீனாக்காரி நல்லாயிருக்கணும்க்கா."

"எவட்டி அது?"

"டிவியில தமிழ்ல பேசுத சீனா நாடகம் போடுதாம்லா, அதுல வாரவ. இந்தக் காலத்துப் பிள்ளை, பழைய ராஜா காலத்துக்குள்ள போய் விழுந்துருதா. கையில தீப்பெட்டி இருக்கு. ஒரு குச்சிய உரசுனா பாரு, அரண்மனையே அவ கால்ல விழுந்துட்டு."

"ஏட்டி, ஒரு தீக்குச்சிக்கா?"

"ஆமாக்கா. எங்க மாமியா வாயத் தொறந்துக்கிட்டுப் பாத்தாவ. தீக்குச்சி மருந்து நாத்தத்தோட வீட்டுக்குள்ள வராதன்னு தெனமும் என்னைய ஏசுதவிய. மறுநாள் காலையில அடுப்பு பத்த வைக்கப் போனவிய, குச்சியத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. 'ஏட்டி, இது நீ செஞ்சதா'ன்னு கேட்டாவ. கல்யாணமாகி வந்ததுலேருந்து என் வேலையப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லக்கா."

"நீ என்ன சொன்ன?"

பஸ் நின்றது. அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பெட்டியில வேற கம்பெனி படம் போட்டிருந்துச்சு. ஆமா அத்தை, நான் செஞ்சதுதான்னுட்டேன்."