பின்சக்கரத்தில் அகப்பட்ட குற்றவாளி

ஆனையூர் கருத்தக்கண்ணன் வெள்ளிதோறும் தம் பழைய காரைக் குளிப்பாட்டிச் சந்தனம் வைத்து, வாசலில் நிறுத்தி, அது ஓடிப்போய்விடுமோ என்ற ஐயத்துடன் இரு கைகளாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைப்பார். அதை ஓட்ட மனம் வராமல் பேருந்தில்தான் போய்வருவார். கருத்தக்கண்ணன் மகள் முத்துமீனாவின் காதுகுத்துக்குச் சீர் சாமான் ஏற்றிவர அந்தக் காரை இரவல் வாங்கிய மைத்துனர் மலைச்சாமி, முந்தாநாள் பின்சக்கரம் புகையத் திரும்பிவந்தார். பந்தல்காரர்கள் முன்னிலையில் கருத்தக்கண்ணனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு தம் ஊரான எழுமலைக்குப் போனவர், இனி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். காதுகுத்து நாளை.

ஹலோ... மாப்ள, வச்சிறாத. நாந்தேன்... உங்கக்கா போனுதேன். என் நம்பர நீ எடுக்க மாட்டேங்கிறியே.

...

சண்டைக்கு இல்லப்பா... ஆமா, சொன்னேன். மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லன்னு சொன்னேன்... அதையுமா சொன்னேன்?... சரி, சொல்லியிருப்பேன்.

கேளு. நேத்து ஜாக்கி வச்சு அந்தச் சக்கரத்தக் கழட்டுனேன்... எதுக்கா? நீ எதக் கெடுத்தேன்னு போட்டோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போடத்தேன்... திட்டு. திட்டி முடிச்சுக்க.

...

முடிஞ்சதா? பிரேக் போட்டா டிஸ்க்கக் கவ்வுமே காலிப்பர், அது கவ்வுன வாய விடவே இல்ல. உள்ள பிஸ்டன் துருவேறி ஒட்டிக்கிருச்சு... நீ ஓட்டுனதால இல்லய்யா. ஒரு நாள்ல அம்புட்டுத் துரு ஏறுமா? வாராவாரம் தண்ணியடிச்சு, ஈரத்தோட பிரேக்க இழுத்துக் கட்டிப் போட்டது யாரு?... ஆமா... ஆமாங்கிறேன்ல.

ஒரு குரங்கு தன் வாலத் தானே கிளையில முடிஞ்சிட்டு, பக்கத்துல இருந்த கிளி இழுக்குதுன்னு ஊரக் கூட்டுச்சாம்... ஆமாடா, குரங்கு நாந்தேன்... இன்னொரு தடவயா? குரங்கு நாந்தேன். போதுமா?

வண்டி சரியாயிருச்சு. கழட்டுனது நான், மாட்டுனது மெக்கானிக் பால்பாண்டி. எனக்குத் திருப்பி மாட்டத் தெரியல... சிரி, சிரி. புது பிஸ்டன், புது ரப்பர். சக்கரம் இப்ப ஒத்த விரலுக்குச் சுத்துது.

வண்டிய விடு. நாளைக்குத் தாய்மாமன் மடி இல்லாம முத்துமீனாவுக்கு எப்படிக் காது குத்துறது?... உங்க பெரியப்பா மகனா? அவன் மடி தோதாத்தேன் இருக்கு, புள்ள ஒத்துக்கணும்ல. மாமா வந்தாத்தேன் காதக் காட்டுவேன்னு ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டுத் திரியுது. தோசையக்கூட உங்கக்காதேன் ஊட்டிவிடுறா... எங்கிட்டயா? அவ எங்கிட்டப் பேசியே ரெண்டு நாளாச்சு.

...

ம்... ம்... அம்புட்டுப் பேரு முன்னாடி வஞ்சிட்டு, போன்ல ரகசியமா சமாதானமான்னு கேக்குற... நியாயந்தேன்.

இரு. வைக்காத.

சிவனாண்டிண்ணே, அந்தச் சுத்தியலக் கொஞ்சம் நிறுத்துங்க. பந்தல் மேல இருக்குறவுகளும் கேளுங்க. அன்னைக்கு எம் மாப்ளைய வாய்க்கு வந்தபடி பேசுனேன்ல, அது அம்புட்டும் தப்பு. வண்டியக் கெடுத்தது நான். அவன் மேல ஒரு குத்தமும் இல்ல... ஆமாண்ணே, நான்தேன். நல்லாச் சிரிங்க.

மாப்ள, கேட்டுச்சா?... தகரம் விழுந்த சத்தம் இல்ல, சிவனாண்டியண்ணே சிரிக்கிறாரு... வாரியா?... பஸ்ஸெல்லாம் வேணாம். எழுமலைக்கு நானே வண்டியக் கொண்டாறேன். சாவிய உங் கையில தந்துருறேன், நீதேன் ஓட்டிட்டு வரணும். நான் பக்கத்துல வாயப் பொத்திக்கிட்டு உக்காந்து வாரேன்... குழியில விட்டாலும் பேச மாட்டேன்... ரெண்டு குழிக்கும் பேச மாட்டேன்... கிளம்பிட்டேன், வை.