யானை இல்லாத யானைப் படம்

“அதிலே யானை எங்கடி இருக்கு?”

தை மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, வட்டவடையிலிருந்து மூணாறு போகும் ஜீப்பில் இந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. எதிரே இரண்டு முதுவான் பழங்குடிப் பெண்கள். இளையவள் மடியில் துணி சுற்றிய ஓவியம். அவர்கள் குடியிருப்பிலிருந்து கொச்சிக் கண்காட்சிக்குத் தேர்வானது அது ஒன்றுதான் என்பது பேச்சில் தெரிந்தது.

“நான் கொம்பு, தும்பிக்கை, வாலு மயிரு வரைக்கும் வரைஞ்சேன். நீ வெறும் கறுப்பைப் பூசினே. உன்னுது கொச்சிக்குப் போகுது, என்னுது அடுப்படியிலே தொங்குது” என்றாள் மூத்தவள்.

“ரெண்டும் ஒரே யானைதான் மதினி. அன்னிக்கு ராத்திரி கேப்பைக் காட்டுக் காவல் பரண்கிட்டே அது வந்தப்போ நீங்க எட்டிப் பாத்தீங்க. நான் பயந்து கம்பளிக்குள்ளே கிடந்தேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“நடுவிலே அந்தச் செவப்புக் கோடு?”

“கம்பளியிலே ஒரு கிழிசல். காவல் தீயோட வெளிச்சம் அது வழியா வந்துச்சு.”

டாப் ஸ்டேஷன் தாண்டியதும் மூத்தவள் ஓவியத்தின் பக்கம் குனிந்தாள்.

“கம்பளி யாருது?”

“உங்களுதுதான்.”

“உன்னைப் போத்திவிட்டது யாரு?”

“நீங்கதான் மதினி.”

“அப்போ அதிலே என் பேரையும் எழுது.”

இளையவள் ஓவியத்தை மூத்தவளுக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.